சுண்டுவிரல் ஒன்று

பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டூலை ஒருமுறை முன்னே இழுத்தேன், ஒருமுறை பின்னே தள்ளினேன். பிறகு இடது கையை வலது கைக்கு மேலாகக் குறுக்கே போட்டுக்கொண்டு முதல் பாடத்தைக் கடகடவென்று வாசித்து முடித்தேன்.

மூன்று வாரம் வீட்டில் பழகிய பாடம். ஒரு ஸ்வரம் தப்பவில்லை. முடித்த கையோடு, ‘எப்படி நம்ம கைவரிசை?’ என்கிற தோரணையில் திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்றிருந்த ஷாரன் மிஸ் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு அப்போது நாற்பத்தாறு. அவர் படித்து முடித்த கல்லூரியிலேயே பியானோ சொல்லித்தரச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான்தான் அவருடைய முதல் மாணவி. பாவம்.

“அக்கா, ஒன் மினிட். நோட்ஸ் எல்லாம் கரெக்ட்டா வருது. ஆனா எதுக்கு கைய இப்டி கட்டிக்கினு வாசிக்கிறீங்க?”

“புக்குல அப்படித்தானே மிஸ் போட்டிருக்கு?”

“எங்க போட்டிருக்கு?”

ஸ்வரங்களுக்கு மேலே பொடியாக அச்சிட்டிருந்த எண்களைத் தொட்டுக் காட்டினேன். மேல் வரியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எந்த விரலால் எந்தக் கட்டையை அழுத்த வேண்டும் என்பதற்கான எண்கள் அவை. அதுவரை சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

“ஒன்னுன்னா எந்த விரல்க்கா?”

சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். இதையெல்லாமா ஒரு மிஸ் கேட்பார் என்றுகூட நினைத்தேன்.

ஷாரன் மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

“தம்புக்கா! ஒன்னுன்னா கட்டைவிரல்!”

“யாரு சொன்னது?”

“யூரோப்பே சொல்லுதுக்கா!”

ஏழாம் பக்கத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ்

என் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

சுண்டுவிரலை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மேல் வரியில் இருக்கும் எண்கள் வலது கைக்குப் பொருந்தவே பொருந்தாது. இடது கைக்கு அச்சாகப் பொருந்தும். கீழ் வரியில் இருப்பவை இடது கைக்குச் சரிவராது, வலது கைக்குக் கனகச்சிதமாக உட்காரும். சந்தேகம் இருந்தால் மேசைமேல் கையை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் வரி வலப்பக்கக் கட்டைகளுக்கு, கீழ் வரி இடப்பக்கக் கட்டைகளுக்கு என்று என் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து போனில் சொல்லியிருந்தாள். அவள் எட்டாம் வகுப்பில் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் கைகழுவிய கீபோர்டுதான் வீட்டில் இருந்தது. எந்தப் புள்ளி எந்த ஸ்வரம் என்றும் அவளையே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் ச, ரி, க, ம என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஆக, இடது கை வலப்பக்கம் போக வேண்டும், வலது கை இடப்பக்கம் வர வேண்டும். கையைக் குறுக்கே போடாமல் வேறு என்ன செய்வது?

வீடியோ பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் நானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. கல்லூரி அலுவலகத்தில் கொடுத்த ஜெராக்ஸும் ஏழாம் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது. இரண்டு கைகளைப் படம் போட்டு விரலுக்கு விரல் எண் எழுதியிருந்த நாலாம் பக்கத்தை முதல் வகுப்பில் மிஸ் தருவதாக இருந்தாராம். முதல் வகுப்புவரை பொறுக்க என்னால் முடிந்தால்தானே?

என் கணவர் முரளி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவில் வந்து நின்று பார்ப்பார்.

“இன்னா கல்பனா, குறுக்கால கைய போட்டுக்கினு வாசிக்கிற? டிவில பெரிய ஆளுங்க வாசிக்கிற மாதிரியே கீது!”

இந்த மனிதரின் பாராட்டை நம்பித்தான் அன்று அப்படிக் கம்பீரமாகத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரே ஒரு கட்டை

நான் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். பியானோவுக்கும் எனக்கும் முடிச்சுப் போட்டது அந்த வேலைதான்.

பெங்களூரு கன்டோன்மென்ட் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஒரு நாள் மாணவர்களை வேலைக்குத் தேர்ந்தெடுக்கப் போயிருந்தோம். சாப்பாட்டு இடைவேளையில் மரங்களுக்கு அடியில் நடந்தபோது ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆளில்லை. மரப் பாலிஷும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. பியானோவின் மூடி திறந்தே கிடந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, இடதுகோடிப் பக்கம் ஒரு கட்டையை அழுத்தினேன்.

கீபோர்டில் அழுத்தினால் காதுக்குத்தான் கேட்கும். இது காலுக்குக் கேட்டது! மரத் தரை வழியாக ஏறி, வயிற்றில் நின்று, தொண்டைவரை வந்தது. கையை எடுக்காமல் நின்றேன். ஒலி மெல்ல மெல்ல மெலிந்துகொண்டே போனதே தவிர, சட்டென்று அறுபடவில்லை.

மத்தியானம் எத்தனை பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அன்று எல்லோரையும் தேர்ந்தெடுத்திருப்பேன். கூட வந்தவர்கள்தான் தடுத்தார்கள்.

கிளம்பும்போது அலுவலகத்தில் விசாரித்தேன். சனிக்கிழமைகளில் வெளியாட்களுக்கும் தனி வகுப்பு உண்டு என்றார்கள். ஆனால் அறைகள் குறைவு, காத்திருப்போர் அதிகம். அதனால் பெரியவர்களுக்கு ஒரு நிபந்தனை. ஆறு வாரம் சொல்லித்தருவார்கள். ஆறாவது சனிக்கிழமை துறைத்தலைவர் வந்து உட்கார்ந்து கேட்பார். இரண்டு கையும் சேர்த்து ஒரு பாடத்தை நிற்காமல் வாசித்தால் இடம் நிலைக்கும். நின்றால், வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கேட்ட உடனே படிவத்தை வாங்கிவிட்டேன்.

நில்

படிவத்தில் ஒரு கட்டம் என்னைச் சற்று நேரம் உட்கார வைத்தது. ‘இதற்கு முன் பெற்ற இசைப் பயிற்சி’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள்.

கிருஷ்ணகிரியில் ஏழு வயது முதல் பத்தாம் வகுப்பு முடியும்வரை நான் வாய்ப்பாட்டு கற்றவள். பள்ளிக்கூடத்தில் எல்லா விழாவுக்கும் நான்தான் கடவுள் வாழ்த்து. பெங்களூருக்கு வேலைக்கு வந்த பிறகும் பிள்ளையார் சதுர்த்தியா, யாருக்காவது நிச்சயதார்த்தமா, “கல்பனா, ஒரு பாட்டு” என்பார்கள். கெஞ்ச விடாமல் பாடிவிடுவேன். எனக்கு அவ்வளவு ஆசை.

சில வருடங்களுக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாகத்தான் நடந்தது. பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வருடம் முயன்று பார்த்தேன். அப்புறம் சுருதிப் பெட்டியைக் கீழ் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் யாராவது பாட்டுப் போட்டால் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அழுகை என்று சொல்ல மாட்டேன், கோபம். யார் மீது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கட்டத்தில் நான் ஆங்கிலத்தில் ‘நில்’ என்று எழுதினேன். ஒன்றும் இல்லை என்று அர்த்தம். தமிழாக வாசித்தாலும் பொருத்தமாகத்தான் இருந்தது. என் பாட்டுக்கு நானே போட்டிருந்த உத்தரவு அது.

முதல் நாள் சிரித்து முடித்த ஷாரன் மிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ஜெராக்ஸைக் கையில் எடுத்தார். பென்சில் எழுத்துகளைப் பார்த்தார்.

“ச ரி க ம எல்லாம் தெரியுமா அக்கா உங்களுக்கு?”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மிஸ்?”

“எனக்கே தெரியாதுக்கா.”

சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த காக்ஸ் டவுன் பெண் அவர். வீட்டில் தமிழ், கோயிலில் தமிழ், படிப்பும் பாட்டும் மேற்கத்தியம். என்னை உற்றுப் பார்த்தார். நான் ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

அடுத்த அறை வாய்ப்பாட்டு மாணவர்களுக்கானது. ஒரு பெண் ஸ்வர வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டம்ளரைத் தட்டினால் வருவது போன்ற சுத்தமான குரல்.

“மிஸ், அந்த ஜன்னல சாத்திக்கவா?”

“சாத்திக்கோங்கக்கா.”

சாத்தினேன்.

கட்டைவிரலில் மை

அடுத்து வந்த வாரங்களைப் போல உற்சாகமாக என் வாழ்க்கையில் வெகுநாள் எதுவும் இருந்ததில்லை!

எங்கள் வீடு இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சிவாஜிநகர் பஸ் பிடித்தால், சனிக்கிழமை காலையிலும் மேம்பாலம் தாண்டியதும் நெரிசலில் ஊர்ந்துதான் போகும். நான் பத்து மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்பிவிடுவேன். சிவாஜிநகரில் இறங்கி, துணிக்கடைகள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும் தெருக்கள் வழியாக நடப்பேன். கை தன்பாட்டுக்குக் கைப்பையின்மேல் வாசித்துக்கொண்டே வரும்.

ஆனால் விரல் கேட்கவில்லை. மனதுக்குத் தெரிகிறது, கட்டைவிரல்தான் ஒன்று. ஒன்று என்ற எண்ணைக் கண் பார்த்ததும் சுண்டுவிரல் முந்திரிக்கொட்டையாக முந்துகிறது. எங்கள் தொழிலில் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள் உண்டு, ஒன்றிலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு. அதில் வரும் பிழைகளைப் பிடித்தே சம்பளம் வாங்கியவள் நான். எந்த விரலில் தொடங்குவது என்பதில் கோட்டைவிட்டேன்.

“உங்களுக்கு யாரு அக்கா சுண்டுவிரல்ல ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் குடுத்தது?” என்று மூன்றாவது வாரம் ஷாரன் மிஸ் கேட்டார்.

“தாளம் போடறப்போ அப்படித்தானே மிஸ்.”

வலது கையால் தொடையில் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணிக் காட்டினேன். மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பு. இன்னொரு தட்டு, இன்னொரு திருப்பு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம்.

மிஸ் தானும் போட்டுப் பார்த்தார். இரண்டாவது திருப்பில் மாட்டிக்கொண்டார். இப்போது நான் சிரித்தேன்.

“எங்கம்மாவும் எண்ணுனா சுண்டுவிரல்லதான்க்கா ஆரம்பிப்பாங்க. இப்பதான் கவனிக்கிறேன்” என்றவர், சட்டென்று, “ஆமா, இவ்ளோ தெரிஞ்சிக்கினு ஃபார்ம்ல எதுக்கு நில்லுன்னு போட்டீங்க?” என்றார்.

“அது முடிஞ்சு போச்சு மிஸ்.”

“முதல்ல இந்த மிஸ்ஸ விடுங்க. எங்கம்மாவும் நீங்களும் ஒரே வயசு.”

“சரி மிஸ்.”

மிஸ் பேனாவை எடுத்து என் இரண்டு கட்டைவிரல் நகத்திலும் ‘1’ என்று எழுதினார். தினமும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எழுதிக்கொண்டேன். அலுவலக வீடியோ மீட்டிங்கில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் என் நகத்தைப் பார்த்துவிட்டு இது உங்கள் ஊர்ப் பண்டிகையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

நாலாவது வாரம் வலது கை வழிக்கு வந்தது. ஐந்தாவது வாரம் இரண்டு கையும் சேர்ந்தன. பதினாலாம் எண் பாடம், ஒரே பக்கம். வலது கை மேலே ஏற, இடது கை கீழே இறங்க, இரண்டும் பிரிந்து போய் மறுபடி கிட்டே வரும். முதன்முறை அது நடந்தபோது ‘ஐயோ!’ என்று கத்திவிட்டேன். ஷாரன் மிஸ் பதறிப்போய், “கை இடிச்சிக்கினீங்களாக்கா?” என்றார்.

“இல்ல மிஸ். வந்துடுச்சு!”

ஆறாவது சனிக்கிழமை

துறைத்தலைவர் கன்னடக்காரர், உயரமானவர். சட்டைப் பையில் நன்றாகச் சீவிய பென்சில் ஒன்று வைத்திருந்தார். தமிழ் புரியும், பேச வராது. எனக்கு இருபது வருடக் கன்னடம் கைகொடுக்கும். என் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நிதானவாகி, மேடம்” என்றார். நிதானமாக வாசிக்கச் சொல்கிறார்.

எனக்கா நிதானம்! உள்ளங்கையைப் புடவையில் மூன்று தடவை துடைத்துக்கொண்டேன். ஷாரன் மிஸ் கதவோரம் நின்று தன் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகமோ என்று தோன்றியது.

தொடங்கினேன். முதல் வரி போனது. இரண்டாம் வரியும் போனது. துறைத்தலைவரின் பென்சில் படிவத்தின்மேல் லேசாகத் தட்டிக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பதற்றத்தில் ஜன்னலைச் சாத்த மறந்திருந்தேன்.

மூன்றாம் வரிக்கு வந்தபோது பக்கத்து அறைப் பெண் மேல் ஷட்ஜத்தைப் பிடித்தாள். பிடித்து அங்கேயே நின்றாள். ஆறு வாரமாக நான் கேட்க மறுத்த இடம். என்ன அழகு! கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. கேட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, என் கைகள் நின்றுவிட்டிருந்தன.

கண் முன்னால் தாள் முழுக்கப் புள்ளிகள், எந்தப் புள்ளியில் இருந்தேன் என்று தெரியவில்லை. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். இந்த அறை, இந்த வாசனை, காலுக்குக் கேட்கும் அந்த ஒலி, எல்லாம் அடுத்தவருக்கு.

வலது கை மடியில் விழுந்தது. விழுந்த கை சும்மா இருக்கவில்லை. நான் சொல்லாமலே தொடையில் தட்டியது. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு.

எட்டு முடிந்து அடுத்த தட்டு விழ வேண்டிய இடத்தில் இரண்டு கைகளும் கட்டைகள்மேல் இருந்தன. மூன்றாம் வரியின் முதல் ஸ்வரத்திலிருந்து எடுத்தேன். அதற்குப் பிறகு எங்கும் தப்பவில்லை. கைகள் விலகிப்போய்த் திரும்பக் கிட்டே வந்து முடிந்தன.

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தலையைத் தூக்கத் தைரியம் இல்லை.

“ஏனு மேடம் அது? தொடெ மேலே?” என்று கேட்டார் துறைத்தலைவர்.

“தாளம் சார். மன்னிச்சிடுங்க சார். நின்னுட்டேன்.”

“நீவு நிந்திரி.” பென்சிலைத் தூக்கிக் காட்டினார். நான் தொடையில் தட்டிக்கொண்டிருந்தபோது அவரும் படிவத்தின்மேல் தட்டுவதை விடவில்லை போலிருக்கிறது. “தாளா நில்லலில்ல.”

நீங்கள்தான் நின்றீர்கள், தாளம் நிற்கவில்லை என்கிறார்.

இடம் எனக்கு நிலைத்துவிட்டது என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. கதவோரத்திலிருந்து “யெஸ்!” என்று ஒரு சத்தம் வந்தது. துறைத்தலைவர் திரும்பிப் பார்த்ததும் ஷாரன் மிஸ் இருமினார்.

துறைத்தலைவர் என் படிவத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். பென்சில் முனை ஒரு கட்டத்தைத் தொட்டது. இதற்கு முன் பெற்ற இசைப் பயிற்சி: நில்.

“இது சுள்ளு, மேடம்” என்றார். சுள்ளு என்றால் பொய். குரலில் கடுமை இல்லை. “சரி மாடி.”

சரிசெய்யச் சொல்லிவிட்டு, பென்சிலை என் கையில் கொடுத்தார். ‘நில்’ என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். சின்னக் கட்டம்தான், நெருக்கி எழுதினேன். வாய்ப்பாட்டு. அதற்குப் பக்கத்தில் எத்தனை வருடம் என்று போட வேண்டும்.

அடுத்த அறையில் அந்தப் பெண் மறுபடி மேலே ஏறத் தொடங்கியிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே, ஏழு வயதிலிருந்து ஒவ்வொரு வருடமாக விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது வந்தது.

சுண்டுவிரலில்தான் தொடங்கினேன். ஷாரன் மிஸ் பார்த்துக்கொண்டுதான் நின்றார், திருத்தவில்லை.